எமக்கென்று ஐந்து நிமிடம்

“செபிக்க நேரமில்லை மிஸ்.”

பெண்கள் சங்கக் கூட்டங்களிலும் வீட்டுத் தரிசிப்புகளிலும் நான் அடிக்கடி கேட்கும் வசனம் இது. கடன், பிள்ளையின் படிப்பு, வீட்டுத்திட்டம், காணி உறுதி எல்லாம் கதைத்து முடிந்து, தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில்தான் இது வெளியே வரும். குரலைத் தாழ்த்தி, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போலச் சொல்லுவார்கள். “முந்தி அம்மாவோட இருந்து முழுச் செபமாலையும் சொன்னனாங்கள். இப்ப ஒரு பத்து மணி உருட்டி முடிக்கிறதுக்குள்ள ஏதாவது ஒரு வேலை வந்து கூப்பிடுது.”

நான் சமூகவியல் படித்தவள். மன்னாரிலும் வன்னியிலும் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களோடு வேலை செய்கிறவள். குருவானவரோ அருட்சகோதரியோ போதகரோ அல்லாத நான் செபத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் பெண்களின் நேரத்தைப் பற்றியும், அவர்களின் வேலையைப் பற்றியும், போருக்குப் பின் மனம் படும் பாட்டைப் பற்றியும் எனக்குக் கொஞ்சம் தெரியும். இக்கட்டுரை கிறிஸ்தவச் சகோதரிகளை மனதில் வைத்தே எழுதப்படுகின்றது. கத்தோலிக்கர் செபம் என்கிறோம். ஏனைய திருச்சபையினர் ஜெபம் என்கிறார்கள். எழுத்து வேறு, தேவை ஒன்று. மடு மாதாவின் திருவிழாவுக்குச் சைவச் சகோதரிகளும் வந்து மெழுகுதிரி கொளுத்துவதைக் கண்டவர்கள் நாம். அவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும் என நம்புகிறேன்.

நேரம் எங்கே போகின்றது?

கரையோரக் கிராமம் ஒன்றில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் தாய் ஒருவரோடு இருந்து, அவருடைய ஒரு நாளை மணித்தியாலக் கணக்கில் எழுதிப் பார்த்தோம். 2009இல் ஷெல் பட்டுக் கணவரை இழந்தவர் அவர். விடியற்புறம் 3 மணிக்கு எழும்புகிறார். மாக் குழைத்து, பிழிந்து, அவித்து, 6 மணிக்கு முன் கடைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். இடையில் 5.30க்கு வரும் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு மகளை அனுப்ப வேண்டும். பிறகு படுக்கையில் கிடக்கும் மாமியைக் கழுவித் துடைத்துச் சாப்பாடு தீத்த வேண்டும். தண்ணீர், விறகு, சமையல், உடுப்புத் தோய்த்தல் என்று பகல் போய்விடும். பின்னேரம் அடுத்த நாளுக்கு அரிசி ஊறப்போட்டு, இடித்து, வறுத்து, அரித்து வைக்க வேண்டும். உயர்தரம் படிக்கும் மகன் ரியூசனால் வந்து சாப்பிட்ட பிறகு 10 மணிக்குப் படுக்கிறார். பத்தொன்பது மணித்தியாலம். எழுதி முடித்த தாளைப் பார்த்துவிட்டு, “இவ்வளத்தையும் நான்தானோ செய்யிறன்?” என்று அவரே கேட்டார்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷீல்ட் 1989இல் வெளியிட்ட நூலொன்றில், தொழிற்சாலையில் ஒரு ‘ஷிப்ட்’ முடித்து வரும் பெண் வீட்டு வாசலில் இரண்டாவது ‘ஷிப்டை’த் தொடங்குகிறாள் என்று எடுத்துக் காட்டினார். எமது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலும், சம்பளமில்லாத வீட்டு வேலையிலும் பராமரிப்பு வேலையிலும் ஆண்களைவிடப் பெண்களே மிக அதிக நேரம் செலவிடுவது தெரியவந்தது. போரால் பாதிக்கப்பட்ட எமது பெண்களுக்கு இவற்றோடு மூன்றாவது ‘ஷிப்டும்’ உண்டு. கிராம சேவையாளர் அலுவலகம், பிரதேச செயலகம், நீதிமன்றம், ஆசுபத்திரி, விசாரணை என்று படியேறி இறங்கும் வேலை அது. வீட்டில் ஓர் ஆண் இருந்திருந்தால் பங்கிட்டிருக்கக்கூடிய அலைச்சல் முழுவதும் ஒருத்தியின் தலையில்.

ஆகவே ‘நேரமில்லை’ என்று நீங்கள் சொல்வது சாட்டு அல்ல. அதற்காகக் குரலைத் தாழ்த்த வேண்டியதும் இல்லை. எனினும் அந்த வசனத்தின் பின்னால் இன்னொரு எண்ணமும் ஒளிந்திருக்கின்றது. ‘எனக்கென்று ஐந்து நிமிடம் எடுத்தால் அது பிள்ளைகளிடம் இருந்து களவெடுத்த நேரம்’ என்னும் எண்ணம். அதைப் பற்றித்தான் நாம் முக்கியமாகக் கதைக்க வேண்டும்.

அமைதி என்றாலே பயம்

நேரம் கிடைத்தாலும் ஒரு தடை இருக்கின்றது. செபக்கூட்டங்களில் அது பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

“கண்ணை மூடி அமைதியாக இருங்கள்” என்று கூட்டத்தை நடத்துபவர் சொல்வார். எல்லோரும் மூடுவார்கள். ஒரு பெண் மட்டும் மூடமாட்டார். மூடினால் அவருக்குப் பங்கர் தெரிகின்றது. ஒரு ஷெல் விழுந்து அடுத்த ஷெல் வரும்வரை இருந்த அந்த அமைதி ஞாபகத்துக்கு வருகின்றது. எமக்கு நிசப்தம் எப்போதும் நிம்மதியாக இருந்ததில்லை. அது காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்த நேரம். இரவு முழுவதும் வானொலியைப் போட்டபடியே படுக்கும் தாய்மாரை எனக்குத் தெரியும். சத்தம் இருந்தால்தான் அவர்களுக்கு நித்திரை வரும்.

சிலருக்குக் கோவிலே பயம். மடுத் திருத்தலம் அடைக்கலம் தந்த இடம். 1999 நவம்பரில் அங்கே தங்கியிருந்த மக்கள் மீதே ஷெல் விழுந்தது. 2008 ஏப்ரலில் மாதாவின் திருச்சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஆகஸ்டில்தான் திரும்பி வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். இவற்றைக் கண்ட, கேட்ட ஒருவர் நிறைந்த கோவிலுக்குள் மூச்சுமுட்டுகின்றது என்று சொன்னால் அதை விசுவாசக் குறைவு என்று எவரும் தீர்ப்பிடக் கூடாது. மனம் மறந்தாலும் உடம்பு மறப்பதில்லை.

அப்படியானவர்களுக்கு அமைதியான செபம் முடியாதா? முடியும். கொஞ்சம் மாற்றிச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம். சிலுவையையோ, விளக்கையோ, முற்றத்து மரத்தையோ பார்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டு பாதமும் நிலத்தில் படும்படி இருக்க வேண்டும். கையில் செபமாலை மணி ஒன்றைப் பிடித்திருந்தால், ‘நான் இப்போது இங்கே இருக்கிறேன்’ என்பதை விரல்கள் மனதுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். கோவிலில் என்றால் வாசலுக்குப் பக்கத்து வாங்கில் இருக்கலாம். பழைய காட்சி பொங்கி வந்தால் செபத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, எழும்பி முகம் கழுவி, ஒருவரோடு கதைக்கலாம். நிறுத்தியதற்காக ஆண்டவர் கோபிக்கமாட்டார். ஒரு நிமிடம் தொடக்கம் பழகலாம். கிழமைக்கு ஒரு நிமிடம் கூட்டினாலும் போதும்.

பெயர் மட்டும்

நவம்பர் 2ஆம் திகதி இறந்த விசுவாசிகளின் நினைவு நாள். அதற்கு முன்னைய நாட்களில், பூசையில் நினைவுகூருவதற்காக இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்பது எமது கோவில்களில் வழக்கம். ஒரு வருடம், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அக்கா எமது பெண்கள் குழுவுக்கு வந்தார். 2009 மே மாதம் வட்டுவாகலில் கணவர் அழைத்துச் செல்லப்பட்டதைக் கண்ணால் கண்டவர் அவர். பிறகு எந்தத் தகவலும் இல்லை.

“பேரைக் குடுத்தா நானே அவரைச் சாகடிச்ச மாதிரி. குடுக்காட்டி, அவர் உண்மையா இல்லையெண்டா, அந்த ஆத்துமாவுக்கு ஆர் செபிக்கிறது?” என்று கேட்டார். இதனாலேயே பல வருடமாகத் தனியே இருந்து செபிக்க முடியவில்லை என்றும் சொன்னார். செபிக்கத் தொடங்கினால் உயிரோடு இருப்பவருக்குச் செபிப்பதா, இறந்தவருக்குச் செபிப்பதா என்ற கேள்வியிலேயே மனம் முட்டி நின்றுவிடும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்.

அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் இவ்வகை இழப்பைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று அழைத்தார். ஆள் இல்லை, ஆனால் இறந்தார் என்ற முடிவும் இல்லை. ஆகையால் துக்கம் தொடங்கவும் முடியாமல் முடியவும் முடியாமல் நடுவில் உறைந்துவிடுகின்றது என்பது அவரது விளக்கம். இந்தக் குழப்பம் பெண்ணின் பலவீனம் அல்ல, அந்த இழப்பின் தன்மையே அது என்றும் அவர் வலியுறுத்தினார். இதை நான் குழுவில் எளிய தமிழில் விளங்கப்படுத்தினேன். அந்த அக்கா தலையாட்டினார். ஆனால் அவருடைய தாள் இன்னும் கையிலேயே இருந்தது.

அப்போது மூலையில் இருந்த வயதான அம்மா ஒருவர், அவரும் மகனைத் தேடுகிறவர், மெதுவாகச் சொன்னார்: “பேரை மட்டும் சொல்லு பிள்ளை. வேற ஒண்டும் சொல்லாத. எங்க இருக்கிறார், எப்பிடி இருக்கிறார் எண்டு ஆண்டவருக்குத் தெரியும்தானே. நான் அப்பிடித்தான் செய்யிறன்.”

மறையியல் நூல்களை நான் அதிகம் படித்ததில்லை. ஆனால் ஒரு பெயரை மட்டும் ஆண்டவர் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பதைவிட அமைதியான செபம் வேறு இருக்குமா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். அந்த அக்கா தாளை மடித்துச் செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனார். இப்போது பின்னேரத்தில் கிணற்றடியில் கைகால் கழுவியதும் கணவருடைய பெயரைச் சொல்கிறாராம். ஒரு நிமிடம்தான். “அழுகை வாற நாளும் இருக்கு, வராத நாளும் இருக்கு” என்றார்.

துன்பத்தை அறிந்தவர்களின் செபம்

குறுகிய செபம் என்றால் நேரமில்லாதவர்களுக்குக் கொடுக்கும் குறைந்த தரச் செபம் என்று சிலர் நினைக்கிறார்கள். முழுமையான செபம் மடங்களுக்குள்ளே வெண்ணிற உடுப்போடு இருப்பவர்களுடையது என்றும் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

கி.பி. 410இல் அலாரிக்கின் படைகள் உரோமை நகரைச் சூறையாடின. அங்கிருந்து தப்பிக் கடல் கடந்து வட ஆபிரிக்காவுக்கு ஓடியவர்களில் புரோபா என்னும் விதவைப் பெண்ணும் ஒருவர். அவரோடு விதவையான மருமகளும் பேத்தியும் போனார்கள். செல்வக் குடும்பம்தான். ஆனால் அடைக்கலம் தேடிப்போன இடத்திலும் அகதிகளிடம் ஆளுநர் பணம் பறித்ததாகச் செய்தி உண்டு. இடம்பெயர்ந்த எவருக்கும் இது விளங்கும். அந்தப் புரோபா, எப்படிச் செபிப்பது என்று ஆயர் அகுஸ்தினாரிடம் கேட்டு எழுதினார். ஏறத்தாழ 412இல் அகுஸ்தினார் எழுதிய பதில் கடிதம் இன்றும் வாசிக்கப்படுகின்றது. எகிப்தின் பாலைவனத் துறவிகள் அடிக்கடி, ஆனால் மிகச் சுருக்கமாக, எய்த அம்பு போலச் செபிப்பார்கள் என்று அதில் அவர் எடுத்துக் கூறுகிறார். நீட்டினால் கவனம் மழுங்கிவிடும் என்பதே காரணம். செபம் பல சொற்களால் ஆவதைவிடப் பெருமூச்சாலும் கண்ணீராலும் ஆவதே அதிகம் என்பதும் அவர் கருத்து. அமைதியான செபத்தைப் பற்றித் திருச்சபையில் எழுந்த முக்கியமான ஆலோசனைகளில் ஒன்று, போரால் வீடிழந்த ஒரு விதவையின் கேள்விக்குப் பதிலாகவே பிறந்திருக்கின்றது.

இன்னொருவர் சகோதரர் லோறன்ஸ். 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் வாழ்ந்தவர். இளவயதில் போர்வீரனாக இருந்து காயப்பட்டு, காலை இழுத்து இழுத்து நடந்தவர். பாரிசில் ஒரு கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது குசினி வேலை. அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலை. ஆனால் பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் கடவுள் பக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்து, சிறு சிறு சொற்களால் அவரோடு கதைக்கப் பழகினார். செபவேளைக்கும் வேலைவேளைக்கும் தனக்கு வித்தியாசம் இல்லாமற் போய்விட்டது என்று பின்னாளில் சொன்னார். 1691இல் அவர் இறந்த பிறகு அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் நூலாக வந்தன.

மூன்றாமவர் ஒரு தாய். இங்கிலாந்தின் சூசன்னா வெஸ்லி. பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, ஒன்பது பேரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தவர். கணவர் கடனுக்காக 1705இல் சிறை சென்றார். 1709இல் வீடு எரிந்தது. தனியறை இல்லாத அந்த வீட்டில், ஏப்ரனைத் தூக்கித் தலையை மூடிக்கொண்டு இருந்தால் அம்மா செபிக்கிறார், குழப்பக் கூடாது என்று பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள் எனச் சொல்லப்படுகின்றது. அவருடைய மகன் ஜோன் வெஸ்லி தொடங்கிய மெதடிஸ்த இயக்கத்தின் போதகர்கள்தான் 1814இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பணியை ஆரம்பித்தார்கள்.

ஓர் அகதி, ஒரு காயப்பட்டவர், கடனில் மூழ்கிய ஒரு வீட்டின் தாய். இவர்களில் எவருக்கும் ஓய்வான வாழ்க்கை இருக்கவில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வரிசையில் வாளியோடு நின்று, உதட்டை மட்டும் அசைத்துச் செபித்த எமது பெண்களும் இவர்களின் வரிசையில்தான் நிற்கிறார்கள். வேதாகமத்து அன்னாளும் அப்படித்தான் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார். குரு ஏலி அவரைக் குடிகாரி என்று பிழையாக நினைத்தார். ஆனாலும் அந்தச் செபம் கேட்கப்பட்டது.

எங்கே, எப்படி?

இனி நடைமுறைக்கு வருவோம். குழுக்களில் பெண்கள் தாமே செய்து பார்த்து, பயன் கண்டவற்றையே இங்கே தருகிறேன்.

முதலாவது, நித்திரை. இதைச் செபத்துக்கு முன் வைக்கிறேன். எலியா இறைவாக்கினர் களைத்துப்போய்ச் சாக வேண்டும் என்று மரத்தடியில் படுத்தபோது, கடவுளின் தூதர் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. நித்திரை கொள்ள விட்டார், எழுப்பிச் சாப்பாடு கொடுத்தார், பிறகும் படுக்க விட்டார். மெல்லிய குரலைக் கேட்டது அதற்குப் பிறகுதான். நாலு மணித்தியாலம் மட்டும் படுக்கும் ஒரு பெண் அதிலும் அரை மணியைக் குறைத்துச் செபிக்க வேண்டியதில்லை. செபிக்கும்போது நித்திரை வந்தால், அன்றைக்கு நித்திரைதான் செபம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, புதிய நேரத்தைத் தேடாமல் ஏற்கெனவே இருக்கும் நேரத்தைப் பிடியுங்கள். கேத்தில் கொதிக்கும் வரை, இடியப்பத் தட்டு அவியும் வரை, பஸ் வரும் வரை நாம் எப்படியும் காத்திருக்கிறோம். நாளுக்கு ஒரு காத்திருப்பைச் செபத்துக்கென்று எழுதி வையுங்கள். எனக்குக் களப்பணிக்குப் போகும் பஸ் பயணத்தில் முதல் ஐந்து நிமிடம் அதற்கானது. பஸ்ஸில் பாட்டு அலறும். ஆனால் என்னோடு எவரும் கதைக்க வராத நேரம் அது. யன்னலுக்கு வெளியே பார்த்தபடி அன்று சந்திக்கப்போகும் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்வேன். கையில் இருக்கும் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்தால்தான் இது நடக்கும். வாட்ஸ்அப்பில் வரும் செபப் படங்களைப் பத்துப் பேருக்கு அனுப்புவதும் செபிப்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது, கோவில் மணி. காலை, நண்பகல், மாலை என மூவேளைச் செபத்துக்கு மணி அடிக்கும் கிராமங்கள் இன்னும் இருக்கின்றன. வயலிலும் கடலிலும் வேலை செய்கிறவர்கள் செய்த வேலையை விட்டு ஒரு நிமிடம் நிற்பதற்காக ஏற்பட்ட வழக்கம் இது. மணி அடித்ததும் கையில் இருப்பதைக் கீழே வைத்து, மூன்று முறை மூச்சை உள்ளெடுத்து விட்டால் அதுவே ஆரம்பம். மணி இல்லாத ஊரில் பள்ளிக்கூட மணியையும் வைத்துக்கொள்ளலாம்.

நாலாவது, ஒரு சிறு வசனம். உள்ளே எடுக்கும் மூச்சுக்கு ஆண்டவரின் பெயர், வெளியே விடும் மூச்சுக்கு உங்கள் தேவை. உங்கள் சொந்தப் பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். “ஆண்டவரே, இண்டைக்கு மட்டும்” என்பது ஒரு தாயின் செபம். அதற்கு மேல் அவர் சொல்வதில்லை.

ஐந்தாவது, படுக்கைக்குப் போகும்போது இரண்டு கேள்வி. இன்று எது எனக்கு உயிர் தந்தது? எது என்னை வற்றச் செய்தது? இம்முறை புனித இஞ்ஞாசியாரிடம் இருந்து வருகின்றது. அவரும் போர்வீரர்தான். 1521இல் பம்பிலோனா நகரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோதே தன் மனதின் அசைவுகளைக் கவனிக்கப் பழகினார். இரண்டு கேள்விக்கும் பதில் தேடியபடி நித்திரையாகிப் போனாலும் பரவாயில்லை.

வீட்டாரும் சபையாரும்

இயேசு விடியுமுன் எழுந்து தனிமையான இடத்துக்குப் போய்ச் செபித்தார் என்று மாற்கு எழுதுகிறார். உடனேயே சீடர்கள் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். இன்னொரு முறை, சாப்பிடவும் நேரமில்லாதிருந்த சீடர்களை அவரே சற்று ஓய்ந்திருக்கத் தனியிடத்துக்கு அழைத்துப் போனார். சனம் அங்கேயும் முந்திக்கொண்டு வந்து நின்றது. அவருக்கே அப்படியென்றால் எமக்கு எப்படி இருக்கும்! ஆனால் சனம் தேடி வரும் என்பதற்காக அவர் தனிமையைத் தேடுவதைக் கைவிடவில்லை. அதைப் பிறரிடம் இருந்து களவெடுத்த நேரமாகவும் எண்ணவில்லை.

ஆகவே உங்கள் ஐந்து நிமிடத்தை ஒளித்துச் செய்யாதீர்கள். வீட்டில் சொல்லுங்கள். பெரிய பிள்ளை அந்த நேரம் சின்னதைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆண் பிள்ளை தேத்தண்ணி ஊற்றப் பழகட்டும். கணவர் இருக்கும் வீட்டில் அவரும் பங்கெடுக்கட்டும். அம்மாவுக்கும் ஓர் உள்மனம் உண்டு, அதற்கும் நேரம் வேண்டும் என்பதை அந்த ஐந்து நிமிடம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கும். எமது குழுவொன்றில் நாலு தாய்மார் முறை போட்டு, கிழமையில் ஒரு பின்னேரம் ஒருவர் எல்லோருடைய பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார். மற்ற மூவரும் கோவில் விறாந்தையில் கால் மணித்தியாலம் பேசாமல் இருந்துவிட்டு வருகிறார்கள். அதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

குருவானவர்களுக்கும் போதகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெண்களை அழைக்கும்போது அவர்களின் நேரத்தையும் கேட்டு அழையுங்கள். நீண்ட கூட்டங்களோடு, வெறுமனே வந்து இருந்துவிட்டுப் போகக்கூடியதாகக் கோவில் கதவைச் சில மணித்தியாலம் திறந்து வைப்பதும் பெரிய உதவி.

செபத்தோடு செய்ய வேண்டியவை

ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். செபம் எந்த உரிமைக்கும் எந்த வைத்தியத்துக்கும் பதிலாகாது. அடிக்கிற கணவருக்காகச் செபித்துக்கொண்டு பொறுத்திருக்கும்படி எவராவது சொன்னால் அதைக் கேட்காதீர்கள். 1938 என்ற இலக்கத்தில் பெண்களுக்கான உதவிச் சேவையை அழைக்கலாம். பல கிழமையாக நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாக வேண்டும் போல் இருக்கின்றது என்றால் அது செபம் குறைந்ததால் வந்ததல்ல. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள், அல்லது பக்கத்து ஆசுபத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மருந்தும் செபமும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல.

காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மாருக்கும் இதையே சொல்கிறேன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்த தாய்மார் கேட்டது உண்மையையும் நீதியையும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் படிகளிலும் பலர் ஏறி இறங்கிவிட்டார்கள். செபிக்கிறவள் கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. கேட்டுக் களைத்தவள் அடுத்த நாளும் கேட்க எழும்புவதற்கான பெலன் அந்த ஐந்து நிமிடத்தில் கிடைக்கலாம்.

இந்தப் பக்கங்களை வாசித்து முடிக்க உங்களுக்குக் கால் மணித்தியாலமாவது ஆகியிருக்கும். அந்த நேரத்தையும் எங்கேயோ இருந்துதான் எடுத்தீர்கள். அடுத்த வேலைக்கு எழும்புமுன் இன்னும் ஒரு நிமிடம் இருந்த இடத்திலேயே இருங்கள். பாதம் இரண்டும் நிலத்தில் இருக்கட்டும். கண் திறந்தே இருக்கட்டும். மனதில் முதலில் வருகிற பெயரை ஒருமுறை சொல்லுங்கள். அது பிள்ளையின் பெயராக இருக்கலாம், போனவருடைய பெயராக இருக்கலாம், உங்களுடைய பெயராகவும் இருக்கலாம். நாளைக்கும் இதே நேரம் இதே இடத்தில் அதைச் சொல்லிப் பாருங்கள்.